கதவு இல்லை என்பதைப் பதமாகச் சொல்வது எப்படி

பதமாகச் சொல்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டு உதவியில் நடக்கும் எந்தச் சுகாதார நிலையத்தின் புகைப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். நடுவில் விருந்தினர்கள், பக்கத்தில் நர்ஸ், முன்னால் புதிதாக வந்திறங்கிய ஏதோ ஒரு பெட்டி, ஓரத்தில் யாருடையதோ பாதித் தோள். அந்தத் தோள்தான் நாங்கள். இங்கே நான் சொல்லப்போகும் படத்தில் அந்தத் தோள் என்னுடையது.

எங்களுக்கு இரண்டு மொழிகள் தெரியும். இரண்டிலும் சண்டை போடத் தெரியாது. ஒருவர் சொன்னதை வாங்கி, அதில் குத்துகிற முள்ளை எடுத்து, தூசி தட்டி, ஓரங்களைத் தேய்த்து, மற்றவர் கையில் கொடுப்பதற்குள் சொன்னவருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு அதை வழவழப்பாக்கிவிடுவோம். இதற்குப் பெயர் மொழிபெயர்ப்பு என்று நாங்கள் நம்புகிறோம். சம்பளமும் தருகிறார்கள்.

உதாரணம் வேண்டுமா?

ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு குடியிருப்பு. அதில் வெளிநாட்டு நிறுவனம் கட்டித் தந்த சுகாதார நிலையம்: இரண்டு அறை, ஒரு நீள பெஞ்சு, ஒரு கழிப்பறை. கழிப்பறையின் தகரக் கதவு மூன்று வருடங்களுக்கு முன்பு துருப்பிடித்து ஒரு பெருங்காற்றில் விழுந்துவிட்டது. அது இருந்த இடத்துக்கு நேர் எதிரே பெஞ்சு. பெஞ்சில் நாள் முழுக்க ஆட்கள். வேறொரு கதவை அவர்களே போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். அந்தக் கட்டிடத்தில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்க வேண்டிய வாய் என்னுடையது.

நிலையத்தின் ஒரே நர்ஸை எல்லாரும் சிஸ்டர் என்பார்கள். முதல் வருகையிலேயே அவர் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"கக்கூசுக்குக் கதவு இல்லம்மா. மாசமா இருக்கற பொண்ணுங்க நீர் பரிசோதனைக்குப் போகவே மாட்டேங்குது. வீட்லேருந்து கொண்டு வர்றேன்னு போறவ திரும்பி வர்றதே இல்ல. கதவு வேணும்னு சொல்லு."

நான் சொன்னேன்: "சுகாதார வசதிகளை மேம்படுத்த இன்னும் வாய்ப்பிருப்பதாகச் சகோதரி கருதுகிறார்."

வாக்கியத்தில் ஏதாவது குறை சொல்ல முடியுமா? எல்லாம் இருந்தது. கதவு மட்டும் இல்லை.

விருந்தினர்கள் மகிழ்ந்துபோய்க் குறித்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில், எட்டு விதமாகக் கை கழுவுவதைக் காட்டும் வண்ணச் சுவரொட்டிகள் வந்தன. அடுத்த வருகையில் சிஸ்டர் குரலை உயர்த்தினார். நான் குரலைத் தாழ்த்தினேன். பெண்களின் தனிமையை மதிக்கும் சூழலில் ஊழியர்கள் மிகுந்த ஆர்வம் காட்டுவதாகச் சொன்னேன். 'தனிமையும் கண்ணியமும்' என்ற தலைப்பில் இரண்டு நாள் பயிற்சி வந்தது. கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கும் சான்றிதழ் கிடைத்தது. அதை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கி, கதவில்லாத கழிப்பறை வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

"உள்ள போறவங்களுக்கு ஒரு தைரியமா இருக்கும்ல" என்றார்.

அதற்கடுத்த வருகையில் சிஸ்டர் சொன்னதில் 'நீர் பரிசோதனை' என்ற இரண்டு சொற்கள் மட்டும் என் கையில் தேயாமல் தப்பிவிட்டன. விளைவு, சிறுநீரைப் பரிசோதிக்கும் அருமையான இயந்திரம் ஒன்று கப்பலேறி வந்தது. ஒரே நிமிடத்தில் பத்து முடிவுகள் சொல்லும். சொல்வதற்குச் சிறுநீர் வேண்டும். சிஸ்டர் அதற்கு உறை தைத்துப் போட்டு, தினமும் தூசி தட்டினார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சிஸ்டர் தன் கைக்காசில் ஒரு துணித் திரை வாங்கிக் கழிப்பறைக்குக் கட்டியிருந்தார். காற்றடித்தால் திரை ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். ஆனாலும் ஏதோ ஒன்று. விருந்தினர்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு அதைக் கழற்றி மடித்து வைப்பது யார் தெரியுமா? படத்தில் விழுந்தால் பார்க்க நன்றாக இருக்காதே என்று, நான்தான்.

ஆறாவது வருகை வந்தது. விருந்தினர்களில், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருக்கும் ஓர் அம்மையார் பதிவேட்டைப் புரட்டினார். இவ்வளவு நல்ல இயந்திரத்தில் ஆறு மாதத்துக்கு நாலே பரிசோதனையா என்று கேட்டார். இப்படியே போனால் வேறு நிலையத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார். நான் அதைச் சிஸ்டரிடம், "இன்னும் கொஞ்சம் அதிகமாப் பயன்படுத்தினா சந்தோஷப்படுவாங்களாம்" என்று சொன்னேன்.

சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்தார். அங்கே ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். செருப்பு நுழையாத அளவுக்குக் கால் வீங்கியிருந்தது. மூன்று வாரமாக வருகிறாள். மூன்று வாரமும் வெறும் புட்டியோடு திரும்பிப் போகிறாள்.

"ரத்தக் கொதிப்பும் ஏறி நிக்குது. நீர்ல என்ன போகுதுன்னு தெரியாம நான் என்னன்னு சொல்லி அனுப்பறது? பெரிய ஆஸ்பத்திரில முதல்ல அதத்தான் கேப்பாங்க. இதையாவது சொல்லும்மா" என்றார் சிஸ்டர்.

நான் வாயைத் திறந்தேன். நல்லவேளையாக அம்மையார் முந்திக்கொண்டார். என் காதருகே குனிந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

வழக்கமாக, இந்தத் தேவையெல்லாம் முன்பே முடிந்துவிடட்டும் என்று, வழியில் ஒரு நல்ல ஹோட்டலில் வண்டியை நிறுத்திவிடுவேன். அன்று பாலத்தில் வேலை நடந்ததால் ஜீப் சுற்றுவழியில் வந்திருந்தது.

"அந்தத் திரைய எங்கம்மா ஒளிச்சு வச்ச?" என்றார் சிஸ்டர்.

எடுத்து வந்தேன். ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைச் சான்றிதழ் பெற்ற அக்கா. பெஞ்சு மொத்தமும் எங்களையே பார்த்தது. நான் வானத்தைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்தபடி நிற்பதில் எனக்கு நல்ல அனுபவம்.

அம்மையார் முகம் சிவந்து வெளியே வந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். இங்கே ஏன் கதவு இல்லை? தேய்க்க அதில் ஓரமே இல்லை. சிஸ்டரிடம் அப்படியே சொன்னேன்.

"என்னையா கேக்கறாங்க? மூணு வருஷமா உங்கிட்ட மாரடிக்கறேன். ஒவ்வொரு தடவையும் தலையத் தலைய ஆட்டிட்டு, அவங்ககிட்ட நீ என்னதாம்மா சொன்ன?"

நான் திரும்பி, "இது நீண்டகாலத் தேவை என்கிறார்" என்றேன்.

சிஸ்டருக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும்.

"நான் இவ்வளவு பேசினேன். நீ நாலு வார்த்தையில முடிச்சிட்ட. மிச்சம் எங்க?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். வீங்கிய கால்காரி சிரிக்கவில்லை. வெறும் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்சத்தைச் சொன்னேன். சுவரொட்டி, பயிற்சி, சான்றிதழ், இயந்திரம், நாலு பரிசோதனை, மடித்து வைத்த திரை, 'நீ என்னதாம்மா சொன்ன' உட்பட, என்னையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். இலக்கணம்கூட இரண்டு இடத்தில் உதைத்தது.

அம்மையார் குறிப்பேட்டைத் திறந்தார், பிறகு மூடிவிட்டார். சிஸ்டரும் அவரும் வாசலருகே போய், கையை விரித்து அகலம் காட்டி, தலைக்குமேல் தூக்கி உயரம் காட்டி, ஐந்து நிமிடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

"வெளிநாட்டம்மாவே போயிட்டு வந்தாச்சு. உனக்கென்னடி? எந்திரி" என்றார் சிஸ்டர், கால்காரியிடம். அக்காவும் நானும் மறுபடி திரையைப் பிடித்தோம். இயந்திரம் ஒரு நிமிடத்தில் சொன்னது. நீரில் புரதம் போகிறது, சிஸ்டர் பயந்ததுதான். விருந்தினர்களை டீயோடு விட்டுவிட்டு, ஜீப் அவளை ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் தன்னால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். இதைச் சிஸ்டர் என்னிடம் பதமாகச் சொல்லவில்லை.

நான்காம் நாள் கதவு வந்தது. தரையில் கொஞ்சம் உரசும். மூடினால் ஊருக்கே கேட்கும்.

திருந்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? அந்த வருகையைப் பற்றிய அறிக்கையை நான்தான் எழுதினேன். 'சமூகப் பங்கேற்புடன் நுழைவு வசதி வலுப்படுத்தப்பட்டது.'

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நேற்று உங்கள் அப்பா நெஞ்சு வலிக்கிறது என்றதை அண்ணனிடம் போனில் 'கொஞ்சம் அசதியாம்' என்று சொன்னது யார்? கூட வேலை செய்கிறவர் முடியவே முடியாது என்றதை மேலதிகாரியிடம் 'முயற்சி பண்றதா சொல்றார்' என்று கொண்டுபோய்க் கொடுத்தது யார்? அடுத்த முறை அப்படி ஒன்றை வாங்கித் துடைத்துக் கொடுக்கும்போது கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். சொன்னவர் உங்கள் பின்னால்தான் நிற்கிறார். வார்த்தைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.