மேற்கு மதிலில் பெயர் அழைத்தவள்

மூன்று புறமும் கடல் காவல் நிற்க, நான்காம் புறத்தைத் தானே காப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு வேந்தனின் நாட்டில், கேள்வி கேட்டவர்கள் கோட்டைக்குள் போவார்கள், திரும்புவதில்லை. அணைநீர் ஏன் அரண்மனைத் தாமரைக்குளத்துக்கு மட்டும் பாய்கிறது என்று கேட்ட ஆதனும் அப்படித்தான் போனான்.

அவன் மனைவி மருதி, விளக்கேற்றும் வேளையில் மேற்கு மதிலருகே நின்று அவன் பெயரைக் கூவுவாள். உள்ளிருந்து சோற்றுத்தட்டைச் சுவரில் தட்டும் ஓசை வரும். உயிர் இருக்கிறது என்பதற்கு அந்நாட்டில் அது ஒன்றே சான்று. கூப்பிட ஆளற்றவர்களின் பெயர்களையும் அவளே கூவினாள். மற்றப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள்.

வணிகக் கப்பல்கள் இச்செய்தியைச் சுமந்து சென்றன. கடல் கடந்த நாடுகள் அவைகூடி, ஆழ்ந்த கவலை தெரிவித்து, 'அறங்காவலர்' என்று பொறித்த பொற்பதக்கம் ஒன்றைத் தூதரிடம் கொடுத்தனுப்பின. மருதி கைகூப்பி வாங்கினாள்.

"ஐயா, பதக்கம் இருக்கட்டும். ஒரு சாயங்காலம் மதிலுக்கு வந்து அவர் பேரை ஒரு தடவ கூப்பிடுங்க. நீங்க கூப்பிட்டா கதவு தெறக்கும்."

தூதர் கண்கலங்கினார். "அம்மா, எங்களுக்குக் கவனிக்க மட்டுமே அதிகாரம் உண்டு. இமைகொட்டாமல் கவனிப்போம்."

தூதரின் கப்பல் மறைந்ததும் பேரமைச்சர் அறிவாகரர் முரசறைவித்தார். "உலகமே ஒருத்தியைத் தேர்ந்து பதக்கம் தந்துவிட்டது. ஆகவே பதக்கம் உடையவர் மட்டுமே இனிப் பெயர் கூவலாம். மற்றவர் போலிகள். போலிகளுக்குச் சிறை. மேலும், பதக்கம் பெற்றவர் நாட்டின் செல்வம். செல்வம் தெருவில் நிற்பதா? குன்றின்மேல் மாளிகை தருகிறோம். வாசலில் வேல்வீரரையும் தருகிறோம்."

கூவ உரிமை உள்ளவளால் போக முடியவில்லை; போக முடிந்தவர்களுக்குக் கூவ உரிமை இல்லை. மதிலோரம் ஊமையாயிற்று.

மாளிகைச் சாளரத்தில் கோட்டை தெரிந்தது; ஓசை எட்டவில்லை. நாரைகள் அத்திசையிலிருந்து வரும்போதெல்லாம், அவன் தட்டுவதைக் கேட்டுவிட்டு வருகின்றனவோ என்று மருதி அண்ணாந்து பார்ப்பாள். அவை ஒன்றும் சொல்லாமல் கடந்து போகும்.

மீன் கொண்டுவரும் அல்லிக்கும் கோட்டைக்குள் ஓர் அண்ணன் இருந்தான்.

"என்னக்கா, ராணியம்மாவுக்கு முள்ளு கூட எடுத்துக் குடுக்கறாங்களாமே?"

"போடி. உள்ளேயிருந்து சத்தம் கேக்குதா?"

அல்லியின் சிரிப்பு அணைந்தது. "கூப்பிட்டாத்தானேக்கா தட்டுவாங்க? வெளிய நாமெல்லாம் செத்துட்டோம்னு நெனச்சிருப்பாங்க."

மருதி பதக்கத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "ஒன் மீன்கத்தியக் குடு" என்றாள்.

பொன் மென்மையானது. பதக்கத் துணுக்குகள் மீன்கூடையில் இறங்கி ஊருக்குள் போயின. தனக்கென்று அவள் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் மாலை, முந்தானையில் ஆளுக்கொரு துணுக்கை முடிந்துகொண்டு பெண்கள் மதிலருகே கூவினார்கள். அறிவாகரர் தம் ஆணையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பதக்கம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று அதில் இல்லை.

செய்தி கடல் கடந்தது. பதக்கத்தைச் சிதைத்தது மாண்புக்கு இழுக்கு என்று அவைகூடிய நாடுகள் மருதிக்கு அளித்த சிறப்பைத் திரும்பப் பெற்றன. வேந்தன் மகிழ்ந்து, "உலகமும் நாமும் ஒருமனப்பட்டோம்" என்று அறிவித்தான். மருதியை மாளிகையிலிருந்து வெளியேற்றினார்கள்.

அவள் நேரே மதிலுக்கு வந்தாள்.

"இந்தாக்கா, என்னோடத வாங்கிக்கோ. வெறுங்கையோட கூப்பிட்டா புடிச்சிருவாங்க."

"நீயே வச்சுக்கடி. நாளைக்கு ஒரு பேரு கூடும். கூப்பிட ஆளு வேணும்ல?"

மருதி மதிலை நோக்கி, "ஆதா!" என்று கூவினாள். பதில் வருமுன் வீரன் வந்தான்.

"பதக்கம் எங்கம்மா?"

"இல்லப்பா."

எத்தனையோ கவலை ஓலைகளுக்குத் திறவாத கோட்டைக் கதவு, அவளை உள்ளே தள்ளுவதற்காகத் திறந்தது. மருதி கூந்தலைக் கோதி முடிந்துகொண்டு, புகுந்த வீட்டுக்கு முதன்முதல் போகும் மணப்பெண்ணைப் போல நடந்தாள்.