தண்ணி வேணுமா, அலை வேணுமா?

ஆறு வருஷம் படித்து நான் பட்டம் வாங்கிய கணக்கை, என் மனைவியின் அண்ணன் ஏகாம்பரம் சேற்றுக் காலோடு பத்து நிமிஷத்தில் போட்டுவிட்டார். நான் மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

1991இல் சென்னையில் அலைச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சில அலைகளின் கணக்கை நேராகத் தீர்க்க முடியாது. அலையை ஒரு தடையாக வைத்து, அதன்மேல் சிற்றலைகளை மோதவிட வேண்டும். அவை சிதறும் விதம் நேரம் போகப்போக எப்படி மாறும் என்பது சுலபமான கணக்கு. பிறகு சிதறலிலிருந்து பின்னோக்கிப் போனால் அலை கிடைத்துவிடும். (மனைவிக்கு மூன்று முறை விளக்கினேன். மூன்று முறையும் பால் பொங்கிவிட்டது.)

இதில் ஒருவகை அலை தன்னந்தனியாக, உருக்குலையாமல் வெகுதூரம் ஓடும். காகிதத்தில் ஆயிரம் முறை பார்த்திருந்தேன், கண்ணால் பார்த்ததில்லை. வடக்குப்பட்டில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், வாய்க்கால் மடைக்குப் பின்னால் தண்ணீர் தளும்ப நின்றது. ஆளில்லை. மடைப் பலகையை முழுக்கத் தூக்கி, உடனே போட்டேன்.

வழுவழுவென்று ஒரு மேடு புறப்பட்டது. கூடவே வரப்பில் ஓடினேன் (கைதட்டிக்கொண்டு). அலை உருக்குலையவே இல்லை. வாய்க்கால் கடைசியில் இருந்த மச்சானின் நாற்றங்கால்தான் குலைந்தது. எட்டு நாள் நாற்று, அடுத்த கழனிவரை சிதறிக் கிடந்தது.

நான் வீட்டுக்குப் போய்ப் பேப்பர் படித்தேன்.

பழி முனுசாமிமேல் விழுந்தது. ஊருக்கு முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிடுபவர் அவர். இளநாற்று இருக்கும்போது பலகையை ஒரு விரலுக்கு மேல் தூக்கமாட்டார்.

"இவன் வாணாம்பா, வேற ஆள வைங்க!" என்று நாலு பேர் கத்தினார்கள்.

"நான் பலகையாண்ட போவவே இல்லண்ணா. எம் புள்ள மேல சத்தியம்" என்றார் முனுசாமி, மச்சானிடம்.

நானும் அங்கேதான் நின்றேன்.

மச்சான் கத்தவில்லை. நாற்று சாய்ந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். வரப்பின் ஈரத்தைத் தடவினார். மடைவரை நடந்து திரும்பினார்.

"அவன வுடுங்கப்பா. தொறந்து வுட்டிருந்தா தண்ணி ரொம்பிகினு நின்னிருக்கும். நிக்கல. ஒரே ஒரு அலை வந்து போயிகீது. பலகைய தூக்கி, ஒடனே போட்டுகீறான். தண்ணி வாணாம், அலை மட்டும் வேணும்னு நம்மூர்ல எவன்யா தொறப்பான்?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றேன். (அதற்குள் அது யாருக்கும் தேவைப்படவில்லை.)

முனுசாமி, தன்னிடம் மீந்த நாற்றை மச்சானுக்குக் கொடுத்தார். ஆய்வேட்டில் தட்டச்சு செய்தவர்வரைக்கும் நன்றி சொன்னேன். இவர்கள் இருவர் பெயரையும் விட்டுவிட்டேன்.

இன்றும் அங்கே பந்தியில் உட்கார்ந்தால், ஒரகடம் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் மச்சான் மகள் சொம்போடு வந்து நிற்பாள்.

"மாமா, தண்ணி வேணுமா, அலை வேணுமா?"

பந்தியே சிரிக்கும். முனுசாமியும் சிரிப்பார். அவர் சிரிக்கும்போது மட்டும் நான் குனிந்து, ஏற்கனவே கழுவிய இலையை மறுபடி கழுவுவேன்.