முழுத் தொட்டி காட்டிய முள்

என் கையால் பழுது பார்த்த எதையும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவேன். இந்தப் புத்தியால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது நான் பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரையின் கார் டிரைவர். அவருடைய பழைய காரில் பெட்ரோல் தொட்டி முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. உள்ளே ஒரு குழலில் மிதக்கும் தக்கை ஏறி இறங்க, மூடியிலுள்ள அளவு முள்ளும் நகரவேண்டும். தக்கை உளுத்துப்போய், முள் எந்நேரமும் காலியிலேயே படுத்துக் கிடந்தது.

"முள்ளு சரி பண்ணு. கல்யாணத்துக்குக் கார் எடு" என்றார் துரை.

கொழும்புக்கு எழுதினேன். அந்தக் காருக்கு இனிமேல் சாமான் வராது என்று பதில் வந்தது. பதுளைக் கடைவீதி முழுக்க ஏறி இறங்கினேன். லாந்தர் கண்ணாடி வரைக்கும் கிடைத்தது, தக்கை கிடைக்கவில்லை. கடைசியில் இரும்புக்கடை நானா என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, தன் வீட்டு ஊறுகாய் ஜாடித் தக்கையையே பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"கார்ல ஊறுகா மணம் அடிச்சா என்னயக் கேக்கப்படாது, தம்பி."

செதுக்கி மாட்டித் தொட்டியை நிரப்பினேன். முள் துள்ளி எழுந்து 'முழு'வில் நின்றது. பிறகு நாலு தடவை பதுளைக்குப் போய் வந்தும் அது அசையவில்லை. (வண்டி அவ்வளவு சிக்கனம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.) காரின் பின்னால் கட்டியிருந்த உபரிப் பெட்ரோல் டின்னையும் இறக்கிவிட்டு, அந்த இடத்தில் பெண்ணின் டிரங்குப் பெட்டியை ஏற்றினேன்.

கல்யாணம் சாம்பல் புதனுக்கு முந்தின நாள். மறுநாள் தவக்காலம், அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் தாலி கட்ட முடியாது. சாமியாரோ பன்னிரண்டு மணிக்குள் பூசையை முடித்துவிட்டு வேறு கோயிலுக்குப் போகவேண்டியவர். தோட்டத்தில் கார் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், மாப்பிள்ளை நானே பெண்ணை ஏற்றிக்கொண்டு போனேன். பக்கத்தில் மாமனார் அந்தோணிக் கங்காணி. பின்னால் கல்யாணப் பெண் ரோசம்மாவும் அவள் அம்மாவும்.

கோயில் மேட்டில் பாதி ஏறியதும் கார் இருமியது. அப்புறம் நின்றேவிட்டது.

"எண்ணெ தீந்துருச்சா மாப்ள?" என்றார் மாமனார்.

"முள்ளப் பாருங்க மாமா, முழுசா இருக்கு!"

பிளக்கைக் கழற்றினேன், ஊதினேன், மாட்டினேன். கல்யாணக் கோட்டோடு காருக்கு அடியில் படுத்தேன். முன்னால் போய் இஞ்சினைக் கிளப்பும் கம்பியைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றது. மாமனார் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார். அழுகையே வந்துவிட்டது எனக்கு.

அப்போது ரோசம்மா முக்காட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். வேலியில் குச்சி ஒன்றை ஒடித்தாள், முன் சீட்டைத் தூக்கி மூடியைக் கழற்றித் தொட்டிக்குள் விட்டு எடுத்தாள். நுனியில் ஒரு விரற்கடை ஈரம். ஊறுகாய்த் தக்கை பெருத்துப்போய்க் குழலின் மேலேயே இறுகிக்கொண்டதை அப்போதுதான் பார்த்தேன்.

மேட்டில் கார் மூக்கைத் தூக்கி நின்றதால், அடியில் கிடந்த கொஞ்சம் பெட்ரோலும் இஞ்சினுக்கு எட்டவில்லை. திருப்பி நிறுத்திப் பின்பக்கமாக ஏற்றினால் எட்டும். மாமனார் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு காரைத் தள்ளித் திருப்பினார். அப்படியே பின்பக்கமாக, டிரங்குப் பெட்டி முன்னே வர, நாங்கள் கோயில் வாசலை அடைந்தோம். சாமியார் தொப்பியை மாட்டிக்கொண்டு படியில் நின்றிருந்தார்.

"இவரை ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்று அவர் கேட்டபோது, என் கோட்டிலிருந்த கிரீஸை ரோசம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சம்மதமுங்க சாமி."

இன்றைக்கும் வீட்டுக்கு விருந்தாளி வந்து, "சோறு நெறைய இருக்கு, ஒக்காருங்க" என்று நான் உபசரித்தால் போதும், ரோசம்மா அடுப்படியிலிருந்து மகளிடம் சொல்வாள்:

"ஒங்கப்பா நெறைய இருக்குங்குறாரு. எதுக்கும் பானையத் தொறந்து பாத்துரு."