ஏ முதல் எம் வரை உங்களிடம்

பார்மா, ஒஹாயோ
வெள்ளிக்கிழமை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய முன்னாள் அத்தான் ஜிக்மண்ட் வோய்தாஸ் அவர்களுக்கு ஃப்ளோரியன் எழுதுவது. முழங்காலைத் தவிர நான் முழுக்க நலம். உங்கள் நலத்தை விசாரிக்கலாமா கூடாதா என்பது தெரியவில்லை, விவாகரத்தான அத்தானுக்குக் கடிதம் எழுதும் முறையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்களை விவாகரத்து செய்தது என் அக்கா இரீனா. நான் செய்யவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

நாம் இருவரும் பாடுபட்டுச் சேர்த்த, மூன்றாம் தளத்து ஆட்டக்காரர்கள் படம் மட்டுமே போட்ட பழைய பேஸ்பால் அட்டைகள், உங்கள் வீட்டு அலமாரியில் இருந்த பாவத்துக்காகச் சொத்துக் கணக்கில் சேர்ந்து, அந்த வக்கீல் கையில் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். மூன்றாம் தளம் என்றால் அடித்த பந்து நெஞ்சுக்கு நேராக வந்து இடிக்கிற இடம், அங்கே நின்று காட்டியவர்களை ஆங்கில அகரவரிசையில் வெட்டக் கூடாது என்று எவ்வளவோ சொன்னேன். மனுஷன் கேட்கவில்லை. ஏ முதல் எம் வரை உங்களுக்கு, அடுத்த எழுத்து 'என்' முதல் இசட் வரை இரீனாவுக்கு. அவள் தன் பாதியை, "இந்தக் குப்பைய நீயே கட்டிக்கிட்டு அழு" என்று என் மடியில் வைத்துவிட்டாள். நானும் அப்படியே செய்கிறேன். பாதியில் ஆரம்பிக்கிற பெட்டியைத் திறப்பது எத்தனை வேதனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுடையது பாதியில் முடிகிறது.

போன வெள்ளி நம் மாதா கோவில் மண்டபத்தில் தவக்கால மீன் விருந்தையும் அட்டைச் சந்தையையும் ஒன்றாக வைத்துத் தொலைத்தார்கள். அங்கே ஓர் அட்டையில் நம் மூன்றாம் தளத்து ஹப் டெலான்சி கிடைத்தார். டி என்பது உங்கள் பாதி என்று தெரிந்தும் கை போய்விட்டது. உறையிலிருந்து எடுத்து, நம் வழக்கப்படி, அந்தக் காலத்தில் அட்டையோடு வைத்து விற்ற பபிள்கம் வாசனை இன்னும் இருக்கிறதா என்று பின்பக்கத்தை மோந்து பார்த்தேன். இருந்தது அத்தான். கூடவே, "தள்ளுடா, நான் மோந்துட்டுத் தரேன்" என்று நீங்கள் இடிப்பதும் ஞாபகம் வந்து, கண் கலங்கி, மூக்கும் கலங்கி, டெலான்சியின் மேலேயே தும்மிவிட்டேன். கடைக்கார அம்மாள், "தும்மின அட்டைய நான் யாருக்கு விக்கிறது? நீங்களே எடுத்துக்குங்க பெரியவரே. அழுறீங்களா என்ன?" என்றாள். மீனில் மிளகு ஜாஸ்தி என்றேன். "இந்தக் கோவில் மீன்லயா? உப்பே கிடையாதே" என்றாள்.

நானும் அக்காவும் மட்டும் மிச்சமான வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே இரீனா. "டெலான்சியா? டி அவரு பாதியாச்சேடா" என்றாள். நாம் ரேடியோவில் ஆட்டம் வைத்தாலே எழுந்து போகிறவளுக்கு இது எப்படித் தெரியும்? நீங்கள் இல்லாத போன கோடை முழுக்க அவளேதான் ரேடியோவைப் போட்டாள். மூன்றாம் தளத்துக்காரன் பந்தைக் கோட்டைவிட்டால், "குனியேன்டா, முதுகு முறிஞ்சா போயிடும்?" என்று உங்கள் வார்த்தையிலேயே திட்டுவாள். திட்டிவிட்டு உங்கள் நாற்காலியைப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன்.

உங்கள் பாதியை நான் கேட்கவில்லை. ஞாயிறு மத்தியானம், அவளுக்குத் தெரியாமல், நாம் பந்து உருட்டப் போகும் பவுலிங் கூடத்துக்குப் பெட்டியோடு வாருங்கள். ஏ முதல் இசட் வரை ஒரே ஒரு தடவை மேஜையில் அடுக்கிப் பார்த்துவிட்டு, அவரவர் பாதியோடு போய்விடுவோம். எனக்கு அது போதும். போதாது, ஆனால் போதும் என்று சொல்வதுதான் மரியாதை.

உங்கள் இடுப்பு வலி குறையவும், எந்த அட்டையின் மூலையும் மடங்காதிருக்கவும் மாதாவை வேண்டிக்கொள்ளும்,
சட்டப்படி உங்களுக்கு யாரோவாகிவிட்ட
ஃப்ளோரியன் பெட்னார்ஸ்

பி.கு.: தபால்தலை கேட்கப் போன இடத்தில் இரீனா கடிதத்தைப் பிடுங்கி முழுக்கப் படித்துவிட்டாள். ஆகவே மேலே எழுதிய ஏற்பாடு ரத்து. "பவுலிங் கூடமெல்லாம் வேணாம். இங்கயே வரச் சொல்லு, பெட்டியோட" என்றாள். அட்டைப் பெட்டிதானே என்று கேட்டேன். "துணிப் பெட்டி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அத்தான், அட்டைகளையும் மறந்துவிடாதீர்கள்.