செயப்பாட்டு வினையால் வந்த வினை

கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளிகளுக்கு உத்தரவு வந்தது: "இனி வகுப்புகளில் ஆங்கில இலக்கணம் இணையவழிக் காணொளிக் கதைகள் மூலமாக மட்டுமே கற்பிக்கப்பட வேண்டும். சாக்பீஸ் அறவே தவிர்க்கப்பட வேண்டும்."

இங்கிலீஷ் டீச்சர் உத்தரவுக்குப் பணிந்து, தொலைந்துபோன நாய்க்குட்டியின் கதையைத் திரையில் போட்டார். குட்டி வாசலைத் தாண்டியது. படம் நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கு வந்து சேர்ந்தார் கல்வி அதிகாரி.

"என்னம்மா பார்க்கறீங்க?"

"வட்டம் சார்," என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

"அது என்ன பண்ணுது?"

"சுத்திக்கிட்டே இருக்கு சார்."

அதிகாரிக்குப் புல்லரித்துவிட்டது. "பிரசன்ட் கன்டினியுவஸ்! ஆகா, என்ன தெளிவு!"

"நாய்க்குட்டி என்னாச்சு சார்?" பின் பெஞ்சில் ஒரு குட்டிப்பெண் விசும்பினாள்.

"அது ஃபியூச்சர் டென்ஸ். அடுத்த வருஷப் பாடம்."

விசும்பல் அழுகையானது. டீச்சருக்குப் பொறுக்கவில்லை. மேஜைக்குள் கைவிட்டு ஒரு சாக்பீஸை எடுத்து, 'நாய்க்குட்டி வீடு திரும்பியது' என்று பலகையில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். வகுப்பே கைதட்டியது.

"படம் ஓடும்போது சாக்பீஸா?" என்று அதிர்ந்தார் அதிகாரி.

"படம் ஓடலையே சார், நின்னுபோச்சே."

"வட்டம் ஓடுதேம்மா!"

டீச்சரை சஸ்பெண்ட் செய்ய முடிவானது. உத்தரவும் ஆங்கிலத்தில், அதுவும் 'பாசிவ் வாய்ஸ்'ல்தான் இருக்க வேண்டும் என்று, செயப்பாட்டு வினைக் காணொளியை அதிகாரியே போட்டுப் பார்த்தார். பாதியில் வட்டம் வந்தது. மீதியை அனுபவத்தால் நிரப்பி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி நீட்டினார்: "தி ஆபீசர் இஸ் சஸ்பெண்டட் பை தி டீச்சர்."

டீச்சர் படித்தார். "சார், இதுல நான்தான் உங்களை சஸ்பெண்ட் பண்ணியிருக்கேன்."

"நான் சொல்ல வந்தது வேற!"

அதிகாரியோடு வந்திருந்த ஹெட் கிளார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சொல்ல வந்தது ஃபைல்ல இல்லீங்கய்யா. சொன்னதுதான் இருக்கு."

விதியை மீறி அறியாத அதிகாரி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சஸ்பெண்ட் செய்தவரே டீச்சர் என்பதால், அதை ரத்து செய்யும் அதிகாரமும் அவரிடமே வந்து சேர்ந்தது. அவர் நல்ல மனசுக்காரர். "நடந்ததை ஒரு பக்கம், தப்பில்லாத இங்கிலீஷ்ல எழுதித் தரட்டும். போதும்."

மொத்த அலுவலகமும் அதிகாரி வீட்டில் கூடி மாதக்கணக்காக எழுதுகிறது. முதல் வாக்கியம் இன்னும் முடிந்தபாடில்லை. அலுவலகம் பூட்டிக் கிடப்பதை ஊரில் யாரும் கவனிக்கவும் இல்லை. கடைசியில், இங்கிலீஷில் புலி என்று ஊரில் மார்தட்டுகிறவர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பினார்கள். அன்றைக்கென்று பார்த்து அத்தனை பேருக்கும் வெளியூரில் வேலை.