பூனையோடு பேசுகிறவர் என்ற அந்த ஒரு வரி

வஹகோட்டை

அன்பு மகள் பிரசாந்திக்கு,

பெரியப்பா ஹெர்பர்ட் ஆசீரோடு எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி? நான் சுகம். இதை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன், பிழையென்றால் பொறுத்துக்கொள்.

முதியோரின் தனிமை பற்றிய உன் உளவியல் ஆய்வு ஞாயிறு பத்திரிகையில் வந்ததைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். சொன்னபடியே என் பெயரை மறைத்திருக்கிறாய், நன்றி. ஆனால் ‘வஹகோட்டையில் மகனை இத்தாலிக்கு அனுப்பிவிட்டுத் தனியே வாழும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் பூனையோடு மட்டுமே பேசுகிறார்’ என்று எழுதியிருக்கிறாயே மகள், இங்கே அப்படி வேறு யார் இருக்கிறார்கள்? அன்று பூசையில் பாதர் தனிமையில் வாடுவோருக்காக மன்றாடுவோம் என்றதும் கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது, நானும் வேறு யாரையோ தேடுவதுபோல் பின்னால் பார்த்தேன், அங்கே சுவர்தான் இருந்தது, சரியென்று சீனி வாங்கப் போனால் கடைக்கார ரவூப் கதிரையை இழுத்துப் போட்டு, “இருங்க சேர், பூனைய விட நான் நல்லாப் பேசுவேன்” என்கிறார்.

அதையும் தாங்குவேன். பக்கத்து வீட்டு மார்ஜரி சூப்போடு வந்து, “உங்க மகன் ரொமேஷுக்கு மனசாட்சியே இல்லையா சேர்?” என்றாள். அவன் கிழமை தவறாமல் பேசுகிறான் என்றேன். “பெத்த மனசு, மறைக்கிறீங்க” என்று கண்ணைத் துடைத்தாள். இல்லை என்று சொன்னால் மறைக்கிறேனாம், சும்மா இருந்தால் ஐயோ பாவமாம்.

நீ கேட்டது, ‘இன்று யாரோடு பேசினீர்கள்?’ என்று. அன்று அடைமழை, யாரும் வரவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடை பூனைதான். நான்தான் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. ஆனால் நீ ஒரு கேள்வியும் கேட்காத என் மகனையல்லவா ஊர் ஏசுகிறது? லீவு கிடைக்காமல்தானே அவன் வராமலிருக்கிறான்? பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் ஆய்வேட்டிலாவது அந்த வரியை எடுத்துவிடு. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு. புனித அந்தோனியார் உனக்கும் உன் ஆய்வுக்கும் துணையிருப்பாராக.

பெரியப்பா
ஹெர்பர்ட்

பி.கு.: ஒட்டிய கடிதத்தைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் ரொமேஷ் பேசினான். யாரோ பத்திரிகையைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். “அப்பா, பூனைகிட்ட அப்படி என்னதான் பேசுறீங்க?” என்றான். “உன்னப் பத்தித்தான்” என்றேன். பிறகு, முதலாளியோடு சண்டை போட்டாவது திருவிழாவுக்கு வருவேன் என்றான். ஆகவே மகள், அவன் வந்து இறங்கும்வரை அந்த வரி அங்கேயே இருக்கட்டும்.