ரயிலுக்குள் நடந்தே திருப்பதி போனவர்

சித்தூரில் ரயில் ஏறி, அந்த ரயிலுக்குள்ளேயே நடந்து திருப்பதி போய்ச் சேர்ந்த ஒரே மனிதர் எங்கள் மீட்டர் நைனாதான்.

திருப்பதி ஜவுளிக்கடை ஒன்றில் புடவை விரித்துக் காட்டும் வேலை அவருக்கு. எனக்கு அங்கே ஒரு காலேஜ் ஆபீஸில். தினமும் காலை வண்டியில் ஒரே பெட்டி. அப்போது அவருக்கு இந்தப் பெயர் கிடையாது. சர்க்கரைக்கு மாத்திரை போடுவார். வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பார். ரிசல்ட் நன்றாக வரும். அந்தச் சந்தோஷத்தில் என் டப்பாவிலிருந்தும் இரண்டு இட்லி எடுத்துக்கொள்வார்.

ஒருமுறை செருப்பு கடித்துக் கால் விரலில் புண். வாரக்கணக்கில் ஆறவேயில்லை. டாக்டர், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொன்னார். முன்னூறைத் தாண்டிவிட்டது.

"வெறும் வயித்துல நல்ல புள்ளயா கீற சக்கர, துன்னப்புறம் ரவுடியாயிடுதாம்பா. இப்டியே வுட்டா வெரல எடுக்கணுமாம்" என்றார். பெட்டியில் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் சர்க்கரை பார்க்கும் மீட்டர் வாங்கினார். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார், திருப்பதி பிளாட்பாரத்தில் இறங்கியதும் கை விரலைக் குத்துவார், வந்த எண்ணைத் தேர்தல் முடிவு மாதிரி கூவுவார். ஐந்து இட்லிக்கு ஒரு நாள் சோதனை. இரண்டு இட்லிக்கும் ஒரு கிண்ணம் சுண்டலுக்கும் ஒரு நாள். கேழ்வரகுக் களி தின்ற அன்றுதான் கலவரம்.

"களி துன்னா ஏறாதுன்னு எவன் சொன்னது?"

"எவ்ளோ துன்ன நைனா?" என்றேன்.

"ஒரே ஒரு உருண்டதான். தேங்கா சைஸுக்கு."

சாப்பிட்டதும் நடந்தால் குறைகிறது என்று கண்டுபிடித்த பிறகு அவர் சீட்டில் உட்காரவேயில்லை. பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஒரே நடை. புதிதாக வந்த டிக்கெட் பரிசோதகர், தான் நெருங்கும்போதெல்லாம் ஒரு ஆள் திரும்பி நடப்பதைப் பார்த்துவிட்டு, விரட்டிப் பிடித்தார்.

"நன்னு சூசி பாரிப்போதுன்னாவா?" என்னைப் பார்த்து ஓடுகிறாயா என்று தெலுங்கில் ஒரு அதட்டல்.

"ஓடல சார். இட்லிய எறக்கிக்கினு கீறேன்!"

சீசன் டிக்கெட்டைப் பார்த்தார், கதையையும் கேட்டார். பிறகு குரலைத் தணித்து, தனக்கும் ஷுகர் உண்டு என்றார். திருப்பதியில் இறங்கியதும் விரலை நீட்டிக்கொண்டு நின்றார். நைனா புது ஊசி மாற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினார். கத்தியது நைனாதான்.

டாக்டர் மாத்திரையையும் மாற்றினார். தட்டில் இட்லி குறைந்தது, சுண்டல் ஏறியது. மெல்ல மெல்லப் புண் ஆறியது. முழுப் பெட்டிக்கும் அந்த விரல் தரிசனம் கிடைத்தது.

போன வருஷம் எனக்கும் சர்க்கரை என்றார்கள். யாரிடமும் சொல்லாமல், டப்பாவைத் திறக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நைனா என் முகத்தைப் பார்த்துவிட்டு, நடையை நிறுத்திப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எவ்ளோ?"

சொன்னேன்.

"அதுக்குத் துன்னாம கெடப்பியா? ரெண்டு துன்னு. அப்புறம் போலாம்."

தின்றேன். எழுந்தேன். ஓடுகிற வண்டியில் நடந்து எனக்குப் பழக்கமில்லை, தள்ளாடினேன். பின்னாலிருந்து அவர் கை என் முதுகில் வந்து ஊன்றியது. பாகாலா ஸ்டேஷன் தாண்டியும் அதை அவர் எடுக்கவில்லை.